செர்ரி தக்காளி விதை போட்டு மாடியில வளர்க்கணும், நம்ம டெல்டா பக்கம் இனிப்பா காய்க்குமா?

மாயவரம்_மொட்டைமாடி:

வணக்கம். செர்ரி தக்காளிய விதையிலேர்ந்தே வளர்க்கலாம்னு இருக்கேன், அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் சொல்லுங்க. வீடு மயிலாடுதுறை டவுனுக்குள்ள, மொட்டைமாடி, காலையிலேர்ந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் வெயில் நேரா விழும். கத்தரி, வெண்டை, மிளகா, கீரை எல்லாம் குரோ பேக்ல நல்லாவே வருது, நாட்டுத் தக்காளியும் காய்க்குது, ஆனா அது ரசத்துக்கும் சாம்பாருக்கும்தான் ஆவுது. எனக்கு வேணுங்கிறது பறிச்ச உடனே வாயில போட்டுக்கிற மாதிரி இனிப்பான சின்னப் பழம். எங்க பொண்ணு காய்கறின்னாலே ஓடுவா, ஆனா சூப்பர் மார்க்கெட்ல டப்பாவுல வர்ற செர்ரி தக்காளிய மட்டும் திராட்சை மாதிரி ஒண்ணொண்ணா தின்னு தீர்த்துடுறா, அந்த விலைக்கு வாரா வாரம் வாங்கி கட்டுப்படியாகல.

சந்தேகம் என்னன்னா, அந்த டப்பா பழத்துலேர்ந்து எடுத்த விதையவே போடலாமா இல்ல பாக்கெட் விதைதான் வாங்கணுமா? இப்ப புரட்டாசி முடியப் போவுது, உடனே போட்டுடலாமா? போர் தண்ணி, டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பு அளவு) 900 காட்டுதுன்னு ஆர்.ஓ. சர்வீஸுக்கு வந்தவர் சொன்னார், அது தாங்குமா? அப்பறம் பழம் இனிக்கறதுக்கு வெல்லத் தண்ணி ஊத்தச் சொல்றாங்க தெரிஞ்சவங்க, அது உண்மையா?

குடமுருட்டி:

இனிக்கும், தாராளமா இனிக்கும், ஆனா நம்ம ஊர்ல அது மாசத்தப் பொறுத்தது. உரத்த விட மாசம்தான் முக்கியம், அதனால மொதல்ல அதச் சொல்லிடறேன்.

தக்காளிப் பூவுக்கு ராத்திரி சூடு ஆகாது. பகல்ல 32, 33 டிகிரிக்கு மேல போயி ராத்திரியும் 24க்கு கீழ இறங்கலன்னா மகரந்தம் வீணாப் போயிடும், பூ பூவா கொட்டும், செடி மட்டும் தளதளன்னு நிக்கும். சித்திரை வைகாசியில நம்ம பக்கம் ராத்திரியே 26, 27 இருக்கு, அப்ப எந்தத் தக்காளிக்கும் கஷ்டம்தான், செர்ரி வகை பெருசு மாதிரி அவ்வளவு அடம் பிடிக்காது, கொஞ்சம் காய் பிடிக்கும், ஆனா பழம் சிவக்காம ஆரஞ்சு மஞ்சளாவே நின்னுடும், ஏன்னா அந்த சிவப்பு நிறத்தக் குடுக்கற லைகோபீன் 30, 32 டிகிரிக்கு மேல சரியா உருவாகறதில்ல. நமக்குத் தோதான காலம்னா பூ எடுக்கறது மார்கழி தையில இருக்கணும், பழம் பழுக்கறது மாசி பங்குனியில இருக்கணும். தையில ராத்திரி 21, 22க்கு இறங்கும், பூ நிக்கும், மாசியில வானம் தெளிஞ்சு முழு வெயில் கிடைக்கும், இனிப்பு ஏறும். அதுலேர்ந்து பின்னாடி எண்ணிக்குங்க, விதை போட்டு நாத்து பிடுங்க ஒரு 25, 30 நாள், நட்டு முதல் பழம் பறிக்க 60லேர்ந்து 70 நாள். அப்ப கார்த்திகை பொறந்ததும் விதை போட்டா சரியா வரும். இப்பவே போட்டீங்கன்னா நாத்து சின்னதா இருக்கும்போதே ஐப்பசி அடைமழையில மாட்டும், மயிலாடுதுறை மழையப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா. அவசரப்படாதீங்க, அதுக்குள்ள மண்கலவைய ரெடி பண்ணி வைங்க.

விதை விஷயம். டப்பா பழம் பெரும்பாலும் எஃப்1 ஹைபிரிட், அதாவது ரெண்டு ரகத்தக் கலந்து எடுத்த முதல் தலைமுறை, அதோட விதை முளைக்கும், செடியும் நல்லா வரும், ஆனா தாய்ப்பழம் மாதிரியே இருக்கும்னு சொல்ல முடியாது, ஒரு செடி இனிக்கும், ஒண்ணு புளிக்கும், ஒண்ணு தோல் தடியா இருக்கும். நாலு செடிக்குத்தான் இடம் இருக்குன்னா நாலையும் அதுல விட்டுடாதீங்க, ரெண்டு பாக்கெட் விதை, ரெண்டு டப்பா விதைன்னு வைங்க. பாக்கெட் வாங்கும்போது எஃப்1னு போட்டிருக்கான்னு பாருங்க, எஃப்1னா எல்லாச் செடியும் ஒரே மாதிரி காய்க்கும், ஆனா வருஷா வருஷம் வாங்கணும். சன் கோல்டுன்னு ஜப்பான்காரங்க வெளியிட்ட ஆரஞ்சுப் பழம் உலகம் பூரா இனிப்புக்குப் பேர் போனது, அதுவும் எஃப்1தான். டெல்லியில இருக்கற இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துல (ஐ.ஏ.ஆர்.ஐ.) பூசா செர்ரி டொமேட்டோ 1னு ஒரு ரகம் விட்டிருக்காங்க, கிடைச்சா அதையும் போட்டுப் பாருங்க. சாதா தக்காளியில பிரிக்ஸ்ங்கற இனிப்பு அளவு 4, 5 இருக்கும், நல்ல செர்ரியில 7, 8 வரும், அந்த வித்தியாசம் ரகத்துலயே வர்றது, PKM 1 மாதிரி பெரிய தக்காளிய என்ன பண்ணாலும் அந்த இனிப்புக்குக் கொண்டுவர முடியாது.

வெல்லத் தண்ணி வேண்டாம். வேர் சர்க்கரைய உறிஞ்சி பழத்துக்கு அனுப்பறதில்ல, பழத்துல இருக்கற சர்க்கரை பூரா இலை வெயில்ல சமைச்சது. ஜீவாமிர்தத்துல வெல்லம் போடறது நுண்ணுயிர் பெருகறதுக்கு, அது வேற கதை. தொட்டியில வெறும் வெல்லத் தண்ணி ஊத்தினா எறும்புதான் வரும், எறும்பு வந்தா அசுவினியும் மாவுப்பூச்சியும் கூடவே வரும்.

விதைப்பு: குழித்தட்டோ, ஓட்டை போட்ட டீ கப்போ போதும். தென்னைநார்க் கழிவு பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துலேர்ந்து மலிவாவே வருது, ஆனா அதுல உப்பு இருக்கும், ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணியில அலசிப் பிழிஞ்சிட்டுப் போடுங்க. அதோட மண்புழு உரம் சலிச்சது பாதிக்குப் பாதி, ஒரு கைப்பிடி டிரைக்கோடெர்மா (வேரழுகலத் தடுக்கற நல்ல பூஞ்சை) கலந்த எரு. விதைய கால் இஞ்சுக்கு மேல புதைக்க வேண்டாம். 5லேர்ந்து 8 நாள்ல முளைக்கும். முளை வர்ற வரைக்கும் மேல ஈரத்துணியோ பேப்பரோ மூடலாம், முதல் முளை தலை தூக்கினதும் உடனே எடுத்துடணும், அன்னிக்கே வெளிச்சத்துக்குக் கொண்டு போகணும், இல்லன்னா வெள்ளையா நெட்டையா வளர்ந்து படுத்துடும். முளைச்ச பத்து நாள்தான் கண்டம். தண்டு மண்ண ஒட்டி நூல் மாதிரி சுருங்கி, நேத்து நின்ன நாத்து இன்னிக்கு சாஞ்சு கெடக்கும், அது நாத்தழுகல், ஈரம் நின்னா வர்றது. மேல தெளிக்காம, தட்டுல தண்ணி ஊத்தி கீழேர்ந்து உறிஞ்ச விட்டு, மிச்சத்தக் கொட்டிடுங்க.

வேதாரண்யம்_உப்புக்காத்து:

டிடிஎஸ் 900க்கு பயப்படாதீங்க அக்கா. எங்க பக்கம் அத விட உப்பான தண்ணியிலதான் காலம் ஓடுது. தக்காளி ஓரளவு உப்பு தாங்கற பயிர், பாசனத் தண்ணியில ஒரு 1,000, 1,100 டிடிஎஸ் வரைக்கும் பெருசா விளைச்சல் அடிபடாது. அதுக்கு மேல போனா காய் சிறுக்கும், விளைச்சல் குறையும், ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கேன், படிச்சும் இருக்கேன், லேசா உப்பு உள்ள தண்ணியில வர்ற பழம் இனிப்பு கூடுதலா இருக்கும். மண்ணுல உப்பு இருந்தா வேர் தண்ணிய இழுக்கறது குறையும், பழத்துக்குள்ள போற தண்ணி குறையும், சர்க்கரை அதே அளவு வந்து சேரும், அதனால அடர்த்தி கூடிடுது. எங்க வீட்டு செர்ரி தக்காளி கோலிகுண்டு சைஸுக்குத்தான் வரும், தோல் கொஞ்சம் கெட்டி, ஆனா வாய்க்குள்ள வெடிச்சா ருசி தனி.

ஆனா ஒரு விஷயம், நிலத்துல உப்பு மழையில கீழ இறங்கிடும், தொட்டியில அதுக்கு எங்கயும் போக வழியில்ல. தினமும் கொஞ்சமா ஊத்தி ஊத்தி கீழ ஒரு சொட்டும் வடியாம விட்டீங்கன்னா 900 டிடிஎஸ் ஒரு மாசத்துல பல மடங்கா மண்ணுக்குள்ள சேர்ந்துடும், தொட்டி விளிம்புல வெள்ளையா பொரிஞ்சு நிக்கும், இலை ஓரம் கருகும். அதனால வாரத்துல ஒரு நாளாவது அடி ஓட்டையில நல்லா வடியற அளவுக்கு ஊத்துங்க. ஐப்பசி கார்த்திகை மழைத் தண்ணிய ரெண்டு டிரம்ல பிடிச்சு வச்சா நாத்துக்கு அதுவே போதும், சின்ன நாத்து உப்பு தாங்காது. ஆர்.ஓ. மெஷின்லேர்ந்து வெளிய வர்ற கழிவுத் தண்ணிய மட்டும் செடிக்கு விடாதீங்க, பல வீட்ல சிக்கனம்னு நெனச்சு அதத்தான் விடறாங்க, போர் தண்ணியில இருந்த உப்பு பூரா சேர்ந்து வர்றது அதுலதான்.

தஞ்சை_மூலை:

குடமுருட்டி அண்ணே சொல்றதுல ஒரு மாற்றுக் கருத்து. ஆடிப்பட்டத்த அப்படியே தள்ளிட வேண்டாம். ஆனி கடைசியில விதை போட்டு ஆடியில நட்டா புரட்டாசியில பழம் வந்துடுது, மழைக்கு முன்னாடியே ஒரு மகசூல் பார்த்துடலாம். 50 சதவீத நிழல் வலை கட்டினா பூ கொட்டறதும் குறையுது.

குடமுருட்டி:

தம்பி, காய்க்கும், நான் இல்லங்கல. ஆனா அவங்க கேக்கறது இனிப்பு. ஆவணியில தஞ்சாவூர் வெயில் 35, 36 போவுது, ராத்திரியும் புழுங்குது, காய் பிடிக்கறது பாதிதான். வலையும் 50 சதவீதம் போட்டா சூடு குறையற மாதிரி இலைக்குப் போற வெளிச்சமும் பாதியா குறையுது, அப்ப சர்க்கரை எங்கேர்ந்து வரும்? வலை கட்டணும்னா 35 சதவீதம் கட்டு, அதுவும் மத்தியான வெயிலுக்கு மட்டும் இழுத்து விடற மாதிரி. அதோட புரட்டாசி பழம் இருக்கும்போது ரெண்டு மழை பலமா பேஞ்சா போதும், ராத்திரியோட ராத்திரியா பழம் எல்லாம் காம்பைச் சுத்தி வெடிச்சுடும். சமையலுக்கு ஆடிப்பட்டம் சரி, வாயில போட்டுக்க கார்த்திகைதான்.

கொள்ளிடம்_படுகை:

மாடியில வைக்கறவங்களுக்கு இந்தப் பிரச்சனை கம்மி, ஆனா கொல்லையில நடற யாராவது இதப் படிப்பாங்க, அவங்களுக்காகச் சொல்றேன். நம்ம களிமண் கொல்லையில, அதுவும் கத்தரி மிளகா போட்ட அதே இடத்துல தக்காளி நட்டா, நல்லா பச்சையா இருக்கற செடி ஒரு மத்தியானம் தொங்கும், சாயங்காலம் நிமிரும், ரெண்டு மூணு நாள்ல பச்சையாவே வாடிச் செத்துடும். தண்ணி பத்தலன்னு நெனச்சு இன்னும் ஊத்துவாங்க. அது பாக்டீரியா வாடல். உறுதி பண்ண வழி இருக்கு, அடித்தண்ட ஒரு சாண் வெட்டி கண்ணாடி டம்ளர்ல தெளிஞ்ச தண்ணியில நுனி மட்டும் படற மாதிரி தொங்க விடுங்க, அசைக்காம கொஞ்ச நேரம் பாருங்க, வெட்டுன இடத்துலேர்ந்து பால் மாதிரி வெள்ளையா ஒரு இழை புகையாட்டம் கீழ இறங்கினா அதுதான். மருந்து கிடையாது, செடிய வேரோட எடுத்து அப்புறப்படுத்திடணும், அந்த எடத்துல சில வருஷத்துக்கு தக்காளி, கத்தரி, மிளகா மூணுமே வேண்டாம், கீரையோ, வெண்டையோ, மக்காச்சோளமோ போடுங்க.

நிலத்துலதான் வைக்கணும்னா ஒரு முழ உசரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுங்க. இன்னொண்ணு கத்தரி வேர்ல தக்காளிய ஒட்டு கட்டறது. தைவான்ல இருக்கற உலக காய்கறி மையம் இதுக்குன்னே இ.ஜி. 203னு ஒரு கத்தரி வகைய வேர்ச்செடியா சிபாரிசு பண்ணிருக்காங்க, வாடலும் தாங்கும், தண்ணி தேங்கினாலும் தக்காளி வேர் மாதிரி சட்டுனு மூச்சு முட்டிச் சாகாது. டெல்டாவுக்கு இத விட பொருத்தமான விஷயம் இல்ல, நம்ம ஊர்ல இன்னும் நிறைய பேர் செஞ்சு பாக்கணும்ங்கறது என் ஆசை.

மாயவரம்_மொட்டைமாடி:

ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்ல. அப்ப கார்த்திகை ஒண்ணாம் தேதி விதை போட்டுடறேன். இன்னும் ரெண்டே கேள்வி. மாடியில இருக்கற மிளகா செடி ரெண்டுல இலை சுருண்டு கப்பு மாதிரி இருக்கு, அது பக்கத்துல தக்காளி வைக்கலாமா? அப்பறம் மாடியில தேனீ அவ்வளவா வர்றதில்ல, காய் பிடிக்குமா?

குடமுருட்டி:

அந்த ரெண்டு மிளகாயையும் முதல்ல எடுத்துடுங்க அக்கா. மிளகாயில இலை சுருள்றதுக்கு இலைப்பேன், சிலந்திப்பேன், வைரஸ்னு காரணம் பல இருக்கு, எதுன்னு பாத்துட்டு இருக்கற நேரத்துல வெள்ளை ஈ அங்க குடும்பம் நடத்திட்டு இருக்கும். தக்காளிக்கு இலைச்சுருள் வைரஸ்தான் பெரிய எமன், அத ஒரு செடியிலேர்ந்து இன்னொண்ணுக்குத் தூக்கிட்டு வர்றது வெள்ளை ஈ. நம்ம டெல்டாவுல இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. சம்பா அறுப்புக்கு முன்னாடியே வயல்ல உளுந்து, பயறு தெளிச்சு விடறாங்கல்ல, தை மாசியில எங்க பார்த்தாலும் உளுந்து பச்சை கட்டி நிக்கும், உளுந்துல மஞ்சள் தேமல் நோயப் பரப்பறதும் இதே வெள்ளை ஈதான். உளுந்து காய ஆரம்பிச்சதும் அந்த ஈ எல்லாம் பச்சையா எது இருக்கோ அதத் தேடிக் கிளம்பும், ஊர் ஓரத்து வீட்டு மாடியெல்லாம் அப்ப வாட்டமா மாட்டும். அதனால நாத்த முதல் நாள்லேர்ந்தே 40 மெஷ் (ஒரு இஞ்சுக்கு 40 கண்) நைலான் வலைக்குள்ள வைங்க, கொசுவலை மாதிரி நாலு குச்சி நட்டு மூடினாப் போதும். சின்ன வயசுல வைரஸ் புடிச்ச செடி காய்க்கவே காய்க்காது, பூவெடுத்த பிறகு வந்தா ஓரளவு காயாவது கிடைக்கும், அதனால முதல் ஒன்றரை மாசம் வலைதான் காப்பு. மஞ்சள் ஒட்டும் அட்டை ரெண்டு செடி உசரத்துல தொங்க விடுங்க. நுனி இலை சிறுத்து மஞ்சளாகி மேல் நோக்கி சுருண்டா அந்தச் செடிய யோசிக்காம பிடுங்கிடணும், மருந்தடிச்சு வைரஸ் போகாது.

நடும்போது 15, 20 லிட்டர் பிடிக்கற பை வேணும், அதுக்குக் குறைஞ்சா மாசி வெயில்ல ஒரு நாளைக்கு ரெண்டு தடவை தண்ணி கேக்கும். வண்டல் மண் ஒரு பங்குக்கு மேல வேண்டாம், தொட்டிக்குள்ள அது இறுகி செங்கல்லாயிடும், ஒரு பங்கு மண், ஒரு பங்கு அலசின நார்க்கழிவு, ஒரு பங்கு மக்கின சாணி எரு, ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. தண்ட முதல் ரெண்டு இலை வரைக்கும் உள்ள இறக்கி நடுங்க, புதைஞ்ச தண்டு பூரா வேர் விடும். செர்ரி பெரும்பாலும் நிக்காம ஏறிட்டே போற வகை, ஆறடி மூங்கில் நட்டு, கணு கக்கத்துல வர்ற துளிர சின்னதுலயே கிள்ளி, ஒண்ணு ரெண்டு தண்டு மட்டும் விடுங்க. பச்சையா இருக்கற இலைய ஆசைக்கு வெட்டாதீங்க, சர்க்கரை சமைக்கறது அதுதான், மண்ணத் தொடற அடியிலைய மட்டும் எடுத்தாப் போதும், மார்கழிப் பனியில கருப்பு வளையம் வளையமா வர்ற இலைக்கருகல் அங்கேர்ந்துதான் ஏறும். கடலைப் புண்ணாக்குக் கரைசல் பூ வர்ற வரைக்கும் போதும், அதுக்கு மேல குடுத்தா தழை போட்டு ருசி மட்டமாயிடும். பூ வந்த பிறகு பொட்டாஷ் சத்து வேணும், அடுப்புச் சாம்பல்ல இருக்கு, ஆனா சாம்பல் காரத்தன்மை உள்ளது, போர் தண்ணியே நமக்குக் காரத்தன்மையாத்தான் இருக்கும், ஒரு ஸ்பூனுக்கு மேல வேண்டாம்.

தேனீ இல்லன்னு கவலைப்படாதீங்க, தக்காளி தன் மகரந்தத்துலயே காய் பிடிக்கற பூ, அதுக்கு வேண்டியது அதிர்வு. கருவண்டு பூவக் கட்டிப் பிடிச்சு ரீங்காரம் போடும் பாருங்க, அது அந்த அதிர்வுலதான் மகரந்தத்த உதிர்க்குது. அத நீங்களே பண்ணலாம், பனி ஈரம் காஞ்ச பிறகு, ஒரு ஒன்பதரை பத்து மணிக்கு, பூங்கொத்துக் காம்ப விரலால சுண்டி விடுங்க, வெயில் பக்கமா பார்த்தா மஞ்சத்தூள் லேசா பறக்கறது கண்ணுக்கே தெரியும். பனி ஈரத்தோட சுண்டினா தூள் ஒட்டிக்கும், பிரயோஜனம் இல்ல.

மாயவரம்_மொட்டைமாடி:

பழுக்கற நேரத்துல தண்ணி குறைக்கணும்னு சொல்றாங்களே, எவ்வளவு குறைக்கறது?

வேதாரண்யம்_உப்புக்காத்து:

அக்கா இது நான் சொல்றேன். முதல் கொத்து நிறம் மாற ஆரம்பிச்சதும் வழக்கமா ஊத்தறதுல கால் பங்கு குறைச்சா போதும், மத்தியானம் இலை லேசா தளர்ந்து சாயங்காலம் தானா நிமிரணும், காலையிலயும் தொங்கிட்டு இருந்தா ரொம்பக் குறைச்சுட்டீங்கன்னு அர்த்தம். முக்கியம் என்னன்னா ஒரே சீரா குறைக்கணும். ரெண்டு நாள் காய விட்டு மூணாம் நாள் பக்கெட் பக்கெட்டா ஊத்தினா பழம் வெடிக்கும், செர்ரிக்குத் தோல் மெல்லிசு. மண்ணு மேல ரெண்டு இஞ்சுக்கு வைக்கோல் பரப்பிடுங்க, ஏத்தம் இறக்கம் இல்லாம இருக்கும். மாசியில எப்பவாச்சும் மழை வர்ற மாதிரி இருட்டினா பாதி சிவந்தது வரைக்கும் பறிச்சுடுங்க, நிறம் திரும்பின பழம் வீட்டுக்குள்ள தட்டுல வச்சாலும் பழுக்கும், ருசி ஒரு மாத்து குறையும், அவ்வளவுதான். மத்த நாள்ல கொடியிலயே முழுசா சிவந்து, தொட்டா காம்புலேர்ந்து கையோட வர்ற வரைக்கும் விடுங்க, முழு இனிப்பு அப்பதான். அணிலும் கொண்டைக்குருவியும் உங்களுக்கு முன்னாடி வந்துடும், கல்யாண வீட்ல தாம்பூலம் போட்டுக் குடுக்கற வலைப்பை இருந்தா ஒவ்வொரு கொத்துக்கும் மாட்டிக் கட்டுங்க, வெயிலும் காத்தும் போகும், வாய் மட்டும் வைக்க முடியாது. பறிச்சத ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க, குளிர்ல வாசனை செத்துடும், வெளியவே கூடையில வைங்க.

பாக்கெட் எஃப்1 இல்லன்னா நல்லா காய்ச்ச செடியில ரெண்டாவது மூணாவது கொத்துப் பழத்த விதைக்கு விட்டுடுங்க. விதையச் சுத்தி இருக்கற கொழகொழப்ப ஒரு டம்ளர்ல பிழிஞ்சு ரெண்டு நாள் புளிக்க விட்டு, மேல ஆடை கட்டினதும் அலசி, நிழல்ல தட்டுல உலர்த்துங்க, பேப்பர்ல போட்டா ஒட்டிக்கும். காத்துப் புகாத டப்பாவுல அடுத்த கார்த்திகை வரைக்கும் நல்லாவே இருக்கும்.